பேலன்ஸ் தீர்ந்தால் இருட்டு: ப்ரீபெய்டு கரண்ட்டோடு மூன்று வருடம்

"ஏம்மா, உங்க வீட்ல செல்போனுக்குப் போடற மாதிரி கரண்ட்டுக்கும் ரீசார்ஜ் பண்றீங்களாமே, அது இங்கயும் வரப்போகுதுன்னு சொல்றாங்க, நல்லதா கெட்டதா?" என்று போன வாரம் உறையூரிலிருந்து அப்பா போன் செய்தார். டீக்கடையில் யாரோ கிளப்பிவிட்ட பேச்சு. அவருக்குப் பதில் சொல்லி முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. மறுநாள் சித்தி பையன் கேட்டான், அதற்கு மறுநாள் கூடப் படித்த தோழி ஒருத்தி. சரி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் இருப்பது நொய்டாவில், பதினான்காவது மாடியில், வாடகைக்கு. மூன்று வருடமாக ப்ரீபெய்டு மீட்டர்தான். மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பத்துக்கு ஐந்து. மீட்டருக்கு ஏழு, அதை நடத்துகிறவர்களுக்கு மூன்று, சராசரி போட்டால் அதுதான் வந்தது. எங்கள் குடியிருப்பில் மின்வாரியம் நேரடியாக வீட்டுக்கு வீடு இணைப்புத் தருவதில்லை. மொத்த வளாகத்துக்கும் ஒரே இணைப்பு, அதிலிருந்து பராமரிப்பு நிறுவனம் வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம், நொய்டா பக்கம் அடுக்குமாடியில் இருக்கும் பல பேருக்கு இதே கதைதான்.

முதலில் இது எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் அப்பா நினைத்துக்கொண்டிருந்ததே வேறு. மீட்டருக்குள் காசு இருக்கும், ஓட ஓடக் குறையும் என்று நினைத்திருந்தார். பழைய காலத்து ப்ரீபெய்டு மீட்டர்கள் அப்படித்தான், கடையில் போய் நம்பர் வாங்கி வந்து மீட்டரில் தட்டினால் அந்தக் காசு மீட்டருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். இப்போது வருவது அப்படி இல்லை. பேலன்ஸ் எங்கோ இருக்கும் ஒரு சர்வரில் இருக்கிறது. எங்கள் மாடியில் லிஃப்டுக்குப் பக்கத்து ஷாஃப்டில் வரிசையாகத் தொங்கும் மீட்டர்கள் வெறும் குழாய்தான், திறந்து மூடும் கை வேறு இடத்தில் இருக்கிறது. மீட்டர் எவ்வளவு ஓடியது என்று மேலே சொல்கிறது, சர்வர் காசைக் கழிக்கிறது, பேலன்ஸ் பூஜ்யத்துக்குக் கீழே போனால் "அணை" என்று கட்டளை வருகிறது, மீட்டருக்குள் ரிலே என்கிற ஒரு சுவிட்ச் டக்கென்று விழுகிறது. அந்த டக் சத்தம் ராத்திரியில் ஷாஃப்டிலிருந்து படுக்கையறை வரைக்கும் கேட்கும். எனக்கு இப்போது தூக்கத்தில்கூட அது எந்த வீட்டு மீட்டர் என்று தெரியும்.

அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டது இங்கே வந்த முதல் ஜூன் மாதத்தில். பகலில் 44 டிகிரி, சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியிலிருந்து வரும் கரண்ட் போய், ஜெனரேட்டரில் மூன்று மணி நேரம் ஓடியது. இங்கே ஆப்பில் இரண்டு கணக்கு காட்டும், ஒன்று கிரிட், அதாவது வெளியிலிருந்து வரும் கரண்ட், இன்னொன்று டிஜி, அதாவது ஜெனரேட்டர். கிரிட் யூனிட்டுக்கு ஏழு ரூபாய் சொச்சம், டிஜி யூனிட்டுக்கு இருபத்திரண்டு. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, அதனால் ஏசியை அணைக்கவில்லை. பதினொன்றரைக்குப் பார்த்தபோது பேலன்ஸ் 110 ரூபாய். காலையில் போட்டுக்கொள்ளலாம், ராத்திரி முழுக்க ஏசி ஓடினாலும் ஏழெட்டு யூனிட்தானே, அறுபது ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டுப் படுத்தேன். சரியாக 12 மணி 1 நிமிடத்துக்கு டக்.

என் கணக்கில் ஒன்றை விட்டுவிட்டேன். நிலைக் கட்டணம், பராமரிப்புக் கட்டணம் இரண்டையும் தினசரியாகப் பிரித்து ஒவ்வொரு நள்ளிரவும் கழிப்பார்கள். எங்களுக்கு அது நாளுக்கு 118 ரூபாய். 110-இல் 118 போனால் மைனஸ் எட்டு. அந்த எட்டு ரூபாய்க்காக வீடு இருட்டு. கரண்ட் போனதும் வைஃபை போய்விட்டது, என் போனில் ஒன்பது சதவீதம் சார்ஜ், பதினான்காவது மாடியில் சிக்னல் பால்கனி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் வரும். கரண்ட் வாங்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட் வர கரண்ட் வேண்டும். எப்படியோ ஆயிரம் ரூபாய் போட்டேன், வங்கியிலிருந்து காசு போய்விட்டது என்று மெசேஜ் வந்தது, ஆப்பில் பேலன்ஸ் அப்படியே மைனஸ் எட்டு. இவர் லிஃப்டில் பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் போனார். அங்கே ஒரு சின்னப் பையன் மேஜைமேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தானாம். "சர்வர் ஸ்லோவா இருக்கு சார், பணம் தானா ஏறிடும்" என்றானாம். ஐம்பது நிமிடம். ஈரத்துண்டைக் குழந்தைமேல் போட்டு, பழைய கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எடுத்த பழக்கம், இன்றுவரை ஆயிரத்துக்குக் கீழே பேலன்ஸை விடுவதில்லை. அதாவது எப்போதும் என் ஆயிரம் ரூபாய் அவர்களிடம் இருக்கிறது, வட்டி இல்லாமல்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் உடனே பிடித்துக்கொண்டார். "இங்க நாங்கதானேம்மா ஈபிக்குக் கடன்காரங்க, அங்க அவங்க உனக்கு." அதேதான். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள், எடுத்த நாளிலிருந்து இருபது நாளுக்குள் கட்ட வேண்டும். முதல் நாள் ஓடிய ஃபேனுக்குக் கிட்டத்தட்ட எண்பதாவது நாள்தான் காசு கொடுக்கிறோம். சும்மா இல்லை, டெபாசிட் வாங்கி வைத்திருக்கிறார்கள், தெரியும். ஆனாலும் ஒரு குடும்பத்துக்கு அந்த இருபது நாள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று ப்ரீபெய்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. சம்பளம் ஒன்றாம் தேதி, ரீடிங் 14-ஆம் தேதி என்றால் அடுத்த சம்பளம் வந்ததும் கட்டிக்கொள்ளலாம். ஸ்கூல் பீஸ் வந்த மாதம் கரண்ட் பில்லைக் கடைசி நாள்வரை இழுக்கலாம். அம்மா அப்படித்தான் எங்களைப் படிக்க வைத்தாள், மளிகைக் கடை நோட்டு, பால் கார்டு, ஈபி அட்டை மூன்றையும் மாற்றி மாற்றி இழுத்து. ப்ரீபெய்டு வந்தால் அந்த மூன்றில் ஒன்று போய்விடுகிறது. ஆப் பயன்படுத்தத் தெரியாததால்தான் மக்கள் தயங்குகிறார்கள் என்று டிவியில் பேசுகிறவர்கள் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். எழுபத்திரண்டு வயதில் அப்பா ஜிபே போடுகிறார், கீரைக்காரம்மா க்யூஆர் அட்டை வைத்திருக்கிறாள். அவர்களுக்கு ஆப் ஒரு பிரச்சினையே இல்லை.

பராமரிப்புக் கட்டணத்தைக் கரண்ட் பேலன்ஸிலிருந்தே கழிப்பது என்று சொன்னேனே, இந்தச் சேவையில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத விஷயம் அதுதான். தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் செலவு, லிஃப்ட் செலவு, செக்யூரிட்டி சம்பளம், என் வீட்டு ஃபேன், எல்லாம் ஒரே பர்ஸ். லிஃப்ட் பத்து நாள் ஓடவில்லை, அதனால் இந்த மாதம் பராமரிப்புப் பணம் தரமாட்டேன் என்று சண்டை போடவே முடியாது, ஏனென்றால் நீங்கள் தருவதில்லை, அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள்.

போன வருடம் மே மாதம் ஒரு மாத லீவுக்கு ஊருக்கு வந்தோம். ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடும், மூவாயிரம் போதும் என்று விட்டுவிட்டு வந்தோம். தினம் 118, ஃப்ரிட்ஜுக்கு ஒரு பத்துப் பன்னிரண்டு. நீங்களே வகுத்துப் பாருங்கள், 23-ஆம் நாள் காலி. எச்சரிக்கைக் குறுஞ்செய்தி வந்ததா என்றால், வந்ததாம், வீட்டு உரிமையாளர் நம்பருக்கு. அவர் துபாயில். நாங்கள் திருச்சியில் மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். புதுதில்லியில் ரயில் இறங்கி வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் வந்த நாற்றத்தை எழுதிக் காட்ட முடியாது. டப்பா டப்பாவாகத் துருவி வைத்திருந்த தேங்காய் பச்சையும் கறுப்புமாகப் பூத்திருந்தது, ஃப்ரீசரில் இருந்த வஞ்சிர மீன் தண்ணீராகி அடித்தட்டு வரைக்கும் வழிந்திருந்தது. ரப்பர் ஓரத்தை இரண்டு நாள் சோடா உப்பு போட்டுத் தேய்த்தேன். புகார் எழுதிக் கொடுத்ததற்கு "பேலன்ஸ் வைத்துக்கொள்வது குடியிருப்பவரின் பொறுப்பு" என்று ஒரு வரி பதில். சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் நாளுக்கு இவ்வளவு போகும் என்று குடிவந்த அன்று ஒருவரும் சொல்லவில்லை.

நல்லதையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் ஏழு மதிப்பெண் எங்கிருந்து வந்தது. குடிவந்த அன்று ஐந்து நிமிடத்தில் கரண்ட் வந்தது. ரீடிங் எடுக்க யாரும் வருவதில்லை, "கதவு பூட்டியிருந்தது" என்று சராசரி போட்டு பில் அனுப்புவதில்லை. எல்லாவற்றையும்விட, எது எவ்வளவு தின்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. முதல் குளிர்காலத்தில் தினமும் காலை ஆறிலிருந்து எட்டு வரைக்கும் ஆப்பில் ஒரு மலை நிற்கும். பார்த்தால் கீசர். இவர் எழுந்ததும் போட்டுவிட்டு, பேப்பர் படித்து, காபி குடித்து, அப்புறம் குளிக்கப் போவார். காபி முடித்த பிறகு போடுங்கள் என்று சொன்ன வாரத்திலேயே நாளுக்கு ஒன்றரை யூனிட் குறைந்தது. பதினைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் நான் சொல்லி அவர் கேட்காததை ஒரு மீட்டர் கேட்க வைத்தது, அதற்கே இரண்டு மதிப்பெண் தரலாம்.

எங்கள் வீட்டில் வேலை செய்கிற அக்கா இருக்கிறாரே, அவருக்கு இந்த மீட்டர்மேல் ஒரு கண். அவர் கோடா காலனியில் ஒற்றை அறையில் இருக்கிறார். வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார், என்ன கணக்கு என்று கேட்டால் அறையைக் காலி செய் என்பார். "என் பேர்ல இப்படி ஒண்ணு இருந்தா அம்பது ரூபாய்க்குப் போடுவேன், தீர்ந்தா விளக்கேத்துவேன், அவன்கிட்ட பேச்சு வாங்க வேண்டாம்" என்று ஒருநாள் சொன்னார். இதைக் கேட்ட பிறகு ப்ரீபெய்டு என்றாலே ஏழைக்கு எதிரானது என்று ஒரேயடியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சென்னையிலும் சப் மீட்டருக்கு எட்டு, பத்து என்று கொடுத்துக்கொண்டிருக்கும் வாடகைக் குடித்தனங்கள் எத்தனை! அவர்களுக்குத் தன் பெயரில், தன் கையில் ஒரு மீட்டர் என்பது விடுதலைதான். ஆனால் இப்போது நடக்கும் மாற்றத்தில் பழைய இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் புதிய மீட்டரும் வருகிறது. அக்காவுக்கு அதே பத்து ரூபாய்தான்.

எங்கள் வளாகக் கதையை விட்டுவிட்டு நாட்டு நடப்புக்கு வருவோம். 2021-இல் மத்திய அரசு மின் விநியோகத்தைச் சீரமைக்க மூன்று லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பில் ஒரு திட்டம் அறிவித்தது, அதில் 25 கோடி ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர், அதாவது நான் மேலே சொன்ன மாதிரி சர்வரோடு பேசும் மீட்டர், போடுவது இலக்கு. காரணம் எளிதானது. விநியோக நிறுவனங்கள் நஷ்டத்தில் கிடக்கின்றன, விற்ற கரண்டுக்குக் காசு வருவதில்லை, அதனால் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். இது அவர்களுடைய பிரச்சினைக்கான மருந்து. ஒழுங்காகப் பில் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு என்ன வியாதி என்று அதே மாத்திரையைக் கொடுக்கிறார்கள் என்பதுதான் அப்பா போன்றவர்களின் கேள்வி. சில மாநிலங்களில் ப்ரீபெய்டுக்கு யூனிட் கட்டணத்தில் இரண்டு மூன்று சதவீதம் தள்ளுபடி தருகிறார்கள். ஆயிரம் ரூபாய்க்கு இருபது, முப்பது. அதற்காக யாரும் மாற மாட்டார்கள்.

2024 மே மாதம் வடோதராவில் நடந்தது நல்ல பாடம். அங்கேயும் நம் ஊர்போல வீடுகளுக்கு இரண்டு மாத பில்தான். ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர் போட்ட வீடுகளில், முன்பு இரண்டு மாதத்துக்கு வந்த தொகை சில நாட்களில் கரைந்துவிட்டதாகச் சொல்லி மக்கள் அலுவலகங்களை முற்றுகையிட்டார்கள். மீட்டர் வேகமாக ஓடுகிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அதிகாரிகள் சொன்ன விளக்கம், பழைய மீட்டரில் கடைசி பில்லுக்குப் பிறகு ஓடிய யூனிட்டுக்கான பாக்கியையும் தினக்கணக்கில் பிரித்துக் கழிக்கிறோம் என்பது. அந்த விளக்கம் உண்மையாகவே இருக்கட்டும், அதை மீட்டர் மாட்டும்போதே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் பாதிக் கூட்டம் வந்திருக்காது. என் 118 ரூபாய் கதையின் பெரிய வடிவம்தான் அது. கடைசியில் சந்தேகத்தைத் தீர்க்கப் பழைய மீட்டரையும் பக்கத்திலேயே ஓட விட்டு ஒப்பிடலாம் என்று அங்கே இறங்கி வர வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே மகாராஷ்டிராவில் அப்போதைய துணை முதல்வர் தேவேந்திர ஃபட்னாவிஸ், சாதாரண வீடுகளுக்கு ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர் போட மாட்டோம் என்று அறிவித்தார். இந்த மீட்டரை முன்வரிசையில் நின்று போட்ட பீகாரில் 2024 அக்டோபரில் எதிர்க்கட்சி மாநிலம் முழுக்கத் தெருவில் இறங்கியது.

எங்கள் உத்தரப் பிரதேசத்தில் இன்னும் பழைய சம்பவம் ஒன்று இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி. ஸ்மார்ட் மீட்டர் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் ஒரே நேரத்தில் கரண்ட் போனது, பில் கட்டியவர் கட்டாதவர் என்ற வித்தியாசம் இல்லாமல். எங்கிருந்தோ போன ஒரு தவறான கட்டளை. எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் அப்போது லக்னோவில் இருந்தார், இன்றைக்கும் ஸ்மார்ட் மீட்டர் என்று யாராவது வாயெடுத்தால் கண்ணன் பிறந்த ராத்திரியிலிருந்துதான் ஆரம்பிப்பார். லைன்மேன் கம்பத்தில் ஏறினால் ஒரு தெருவை அணைக்கலாம். ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு மாநிலத்தையே அணைக்கலாம் என்றால், அந்தக் கை யாருடையது, அதற்கு யார் பொறுப்பு என்று கேட்கத்தானே செய்வார்கள்.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்றும் தேடிப் பார்த்தேன். 2003 மின்சாரச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு, பணம் கட்டாத வீட்டின் இணைப்பைத் துண்டிக்குமுன் எழுத்துப்பூர்வமாகப் பதினைந்து நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது. எனக்கு எட்டு ரூபாய்க்கு எட்டு விநாடி கிடைக்கவில்லை. அதே சட்டத்தின் 47-ஆவது பிரிவில், ப்ரீபெய்டு மீட்டர் வழியாக மின்சாரம் வாங்கிக்கொள்ள ஒருவர் தயாராக இருந்தால் அவரிடம் டெபாசிட் கேட்கக் கூடாது என்று இருக்கிறது. தயாராக இருந்தால் என்றால் விருப்பம் என்றுதானே அர்த்தம் என்பது நுகர்வோர் அமைப்புகளின் வாதம். ஆனால் 2020-இல் வந்த நுகர்வோர் உரிமை விதிகள் புதிய இணைப்புக்கு ப்ரீபெய்டு மீட்டர்தான் பொது வழி என்கின்றன, விதிவிலக்கு வேண்டுமென்றால் ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிக்க வேண்டும். சட்டம் பெரிதா விதி பெரிதா என்று வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி எனக்கு உண்டு. அங்கே ப்ரீபெய்டு மீட்டர் பல வருடப் பழக்கம். சின்னச் சாவி மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து பத்து பவுனுக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள் என்பாள், குளிர்காலத்தில் அதே ஆட்கள் ஐந்து பவுனோடு வருவார்களாம். பாக்கி வைத்த வீடுகளில் கோர்ட் உத்தரவோடு நுழைந்து கட்டாயமாக ப்ரீபெய்டு மீட்டர் மாட்டியது பெரிய விவகாரமாகி, 2023 பிப்ரவரியில் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் அதை நிறுத்தி வைக்கச் சொன்னது. அவ்வளவு வருடப் பழக்கம் உள்ள ஊரிலேயே இந்த நிலை. ஆனால் அங்கே இரண்டு விஷயம் இருக்கிறது, பேலன்ஸ் தீர்ந்தால் அவசரக் கடனாகச் சில பவுன் தானாக ஏறும், ராத்திரியிலும் வார இறுதியிலும் துண்டிக்காமல் விடும் நேரம் உண்டு. எனக்கு அந்த ஜூன் ராத்திரியில் இந்த இரண்டில் ஒன்று இருந்திருந்தால் போதும். இன்னொன்றும் சொன்னாள், காசில்லாமல் மீட்டர் அணைந்த வீட்டை யாரும் துண்டிக்கப்பட்ட வீடு என்று எண்ணுவதில்லை, அவர்களே அணைத்துக்கொண்டார்கள் என்றுதான் கணக்கு. பேஸ்மென்ட் பையனும் என் வீட்டுக்காரரிடம் கரண்ட் கட் என்று சொல்லவில்லை. பணம் ஏறவில்லை என்றுதான் பேசினான்.

அப்பாவுக்கு இதெல்லாம் கேட்டும் முழுத் திருப்தி வரவில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு, மீட்டர் அட்டையின் பின்பக்கத்தில் தமிழ்நாட்டுக் கணக்கைப் போட ஆரம்பித்தார், வீடியோ காலில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்தே போட்டார், அதற்குப் பிறகு கட்டணம் மாறியிருக்கிறது, கணக்கு எப்படி ஓடும் என்று புரிய இது போதும். அந்தக் கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் நின்றால் அடுத்த நூறுக்கு 2.25, அதற்கடுத்த இருநூறுக்கு 4.50, கடைசி நூறுக்கு 6 ரூபாய், ஆக 1,725. அதுவே 501 ஆகிவிட்டால் அந்த 2.25 சலுகை போய், நூறுக்கு மேலே எடுத்த எடுப்பிலேயே 4.50, 501-ஆவது யூனிட்டுக்கு 8 ரூபாய், மொத்தம் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். எங்கள் தெருவில் எல்லோருக்கும் இது மனப்பாடம், ரீடிங் தேதி நெருங்கும்போது அம்மா கிரைண்டரைக்கூட யோசித்துத்தான் போடுவாள்.

"இப்ப இதை ப்ரீபெய்டுல எப்படிக் கழிப்பாங்க?" என்று கேட்டார். நான் வாயடைத்துப் போனேன். பில்லில் 1,958 என்று வந்தால் முணுமுணுத்துக்கொண்டு கட்டுவோம். தினம் கழியும் பேலன்ஸில், 52-ஆம் நாள் மத்தியானம் மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போது 501-ஐத் தாண்டினால், அந்த நொடியிலோ அன்று நள்ளிரவிலோ 200 ரூபாய்க்கு மேல் ஒரே வெட்டாகப் போக வேண்டும். இல்லையென்றால் ஆரம்பத்திலேயே கூடுதலாகக் கழித்து வைத்துக்கொண்டு கடைசியில் திருப்பித் தர வேண்டும். அந்த நேரத்தில் பேலன்ஸ் 150 இருந்தால் வீடு இருட்டு, காரணம் ஒருவருக்கும் புரியாது, வடோதரா மாதிரி மீட்டர் ஓடுகிறது என்றுதான் சொல்வார்கள். அந்த நூறு இலவச யூனிட்டும் அப்படித்தான், முதல் நாளே கொடுப்பார்களா, நாளுக்கு ஒன்றரை சொச்சம் என்று பிரிப்பார்களா? இரண்டு மாதக் கணக்கை வைத்துக் கட்டிய கட்டணத்தை அப்படியே தினக்கணக்குக்குள் திணித்தால் வெடிக்கும். மாதக் கணக்கு, எளிய படிநிலை என்று கட்டணத்தை முதலில் மாற்றிவிட்டு மீட்டரை மாற்றுவதுதான் முறை. உறையூரில் பென்சிலோடு உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியாருக்குத் தெரிவது அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்.

அப்புறம் லைன்மேன் அண்ணன். நான் எட்டாவது படிக்கும்போது ஒருமுறை பில் கட்டத் தவறி, அவர் ஃப்யூஸைப் பிடுங்க வந்தார். அம்மா வாசலில் நின்று, "பரீட்சை நேரம்பா, சாயங்காலம் கட்டிடறேன்" என்றாள். அவர் கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்பச் சொருகிவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். சாயங்காலம் கட்டினோம். விதிப்படி அது தப்பு. ஈபி நஷ்டத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று யாராவது சொன்னால் என்னால் மறுக்க முடியாது. ஆனால் அப்பா "நல்லதா கெட்டதா" என்று கேட்டபோது அவர் மனதில் இருந்தது அந்த வாசல்தான் என்று நினைக்கிறேன்.

ப்ரீபெய்டு உங்கள் வீட்டுக்கு வந்தேவிட்டது என்றால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மாட்டுகிற அன்று பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கை போட்டோ எடுங்கள், பாக்கி எவ்வளவு, அதை எத்தனை நாளில் கழிப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். வீட்டைப் பூட்டினாலும் நாளுக்கு எவ்வளவு போகும் என்று கேளுங்கள், இந்த ஒரு எண் தெரிந்தால் பாதி அதிர்ச்சி இல்லை. வாடகை வீடு என்றால் எச்சரிக்கை மெசேஜ் யார் நம்பருக்கு வருகிறது என்று முதல் நாளே பாருங்கள். சந்தேகம் வந்தால் ஒப்பீட்டு மீட்டர் கேளுங்கள், 2024-இல் திருத்திய விதிகள்படி புகார் கொடுத்து ஐந்து நாளுக்குள் அதை மாட்டித் தர வேண்டும். ஒரு பவர் பேங்க் வாங்கி வையுங்கள், கிண்டலாகச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புகிறோம், பன்னிரண்டு நாள். 1,600 போதும், 4,000 போட்டிருக்கிறேன். மெசேஜ் இப்போது இவர் நம்பருக்கு வருகிறது. ஆனாலும் மனசு கேட்கவில்லை, துருவின தேங்காயையும் மீனையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு பெங்காலி அக்காவிடம் போனேன், உங்கள் ஃப்ரீசரில் கொஞ்சம் வைத்துக்கொள்ள முடியுமா என்று. அவர் தாராளமாக வையுங்கள் என்றார். உங்கள் பேலன்ஸ் எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வைத்தேன்.